மசாலாப் பூவும் காய்ச்சல் மாத்திரையும்

டாமிஃப்ளூ மாத்திரையின் வம்சாவளியைத் தேடிக்கொண்டு மேலே போனால், கடைசியில் ஒரு நச்சு மரத்தின் அடியில் போய் நிற்க வேண்டியிருக்கும். ஜப்பானில் அதன் பெயர் ஷிகிமி. புத்த கோயில்களிலும் இடுகாடுகளிலும் வளர்ப்பார்கள், கிளைகளை ஒடித்துக் கல்லறைமேல் வைப்பார்கள், உலர்ந்த இலையையும் பட்டையையும் இடித்து ஊதுவத்திக்குச் சேர்ப்பார்கள். காயை மட்டும் வாயில் வைக்கக்கூடாது. வாந்தி, வலிப்பு, மிஞ்சினால் மரணம். இந்த மரம் நம் பிரியாணியில் விழும் அன்னாசிப்பூவுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டின் காய்களையும் உலர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மளிகைக்காரருக்கே அடையாளம் தெரியாது. 2003-இல் அமெரிக்காவில் அன்னாசிப்பூ போட்ட தேநீர் குடித்து சுமார் நாற்பது பேர் நோயுற்றார்கள். அவர்களில் பதினைந்து பேர் கைக்குழந்தைகள், வயிற்றுவலிக்கென்று கொடுக்கப்பட்டது. நல்ல பூவோடு ஷிகிமி கலந்திருக்கலாம் என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது.

இந்த ஷிகிமியின் நச்சுத்தன்மையை ஆராய்ந்துகொண்டிருந்தவர் யோஹான் ஃப்ரெடெரிக் ஐக்மன். ஜப்பானில் வேலை பார்த்த டச்சு வேதியியலாளர். 1885-இல் அவர் அந்தக் காயிலிருந்து விஷமில்லாத ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்து, மரத்தின் பெயரையே அதற்கும் வைத்தார்: ஷிகிமிக் அமிலம். வெள்ளைப் படிகம், தண்ணீரில் நன்றாகக் கரையும், வேறு விசேஷம் ஒன்றும் சொல்வதற்கில்லை. (இவருடைய தம்பி கிறிஸ்டியான் ஐக்மன் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நொண்டுவதைப் பார்த்து பெரிபெரி நோயின் காரணத்தை நெருங்கி, 1929-இல் நோபல் பரிசு வாங்கியவர். தவிட்டைத் தம்பி கவனித்தார், காயை அண்ணன் கவனித்தார்.)

அண்ணனின் அமிலத்தை யாரும் அதற்குமேல் பொருட்படுத்தவில்லை. அதன் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரியவே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1930-களில் ஹெர்மான் ஃபிஷரும் கெர்டா டாங்ஷாட்டும் அதைத் துலக்கினார்கள். ஆறு கார்பன்கள் சேர்ந்த ஒரு வளையம், அதில் ஓர் இரட்டைப் பிணைப்பு, ஒரு மூலையில் அமிலத் தொகுதி, மற்ற மூன்று மூலைகளில் ஆளுக்கொரு ஹைட்ராக்சில். இந்த அமைப்பை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் பெரும் பணமெல்லாம் இதன்மேல்தான் புரண்டது.

அது தாவரத்துக்குள் என்ன செய்கிறது என்பதைச் சொன்னது ஒரு பாக்டீரியா. 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பெர்னார்டு டேவிஸ் என்ற ஆய்வாளர் ஈ.கோலி கிருமியின் ஊனமுற்ற வகைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். சில வகைகளால் ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபான் ஆகிய மூன்று அமினோ அமிலங்களையும் தாமே செய்துகொள்ள முடியவில்லை. வெளியிலிருந்து கொடுத்தால்தான் பிழைக்கும். ஆனால் இந்த மூன்றுக்கும் பதிலாக ஷிகிமிக் அமிலம் ஒன்றை மட்டும் கொடுத்தாலும் சில வகைகள் பிழைத்தன. அப்படியென்றால் மூன்றையும் செய்யும் வழியில் நடுவே நிற்கும் பொருள் அதுதான். அந்த வழிக்கு இன்று ஷிகிமேட் பாதை என்று பெயர். செடி, பாசி, பூஞ்சை, பாக்டீரியா எல்லாவற்றுக்கும் அது உண்டு. விலங்குகளுக்கு இல்லை. ஆகவே அந்த அமினோ அமிலங்களை நாம் சாப்பாட்டில் வாங்கிக்கொள்கிறோம். வயல்களில் தெளிக்கும் கிளைஃபோசேட் களைக்கொல்லி இந்தப் பாதையில் ஒரு நொதியைத்தான் முடக்குகிறது.

மஞ்சளின் குர்குமின், லவங்கத்தின் யூஜெனால், பட்டையின் மணம், இஞ்சியின் உறைப்பு, மிளகாயின் காரம், சோம்புக்கும் அன்னாசிப்பூவுக்கும் பொதுவான அனெத்தோல் எல்லாம் முழுதாகவோ பாதியாகவோ இந்தப் பாதையில் வந்த சரக்கு. மரத்தின் கட்டையை இறுக்கும் லிக்னினும் அப்படியே. எல்லாச் செடிகளும் ஷிகிமிக் அமிலத்தைச் செய்கின்றன, ஆனால் செய்த கையோடு வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. தேடினால் துளிதான் கிடைக்கும். ஷிகிமி, அன்னாசிப்பூ போன்ற சில மரங்கள் மட்டும் ஏனோ அதைக் காயில் சேர்த்து வைக்கின்றன, அன்னாசிப்பூவில் நூறு கிராமுக்குப் பல கிராம் அளவுக்கு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். மேலே அடுக்கிய மசாலாப் பொருள்களில் அநேகமாக ஒவ்வொன்றைப் பற்றியும், 'இது இன்ன வைரஸைத் தடுக்கிறது' என்று ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கும். பொய்யில்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களின்மேல் போதுமான அளவு ஊற்றினால் தடுக்கவே செய்யும். சிக்கல் அதற்கு அப்புறம். குர்குமின் குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போவதே அபூர்வம், போனது நிற்பதும் இல்லை. போதாக்குறைக்குப் பலவகைச் சோதனைகளில் குறுக்கே நுழைந்து பொய்யான நல்ல முடிவைக் காட்டும் குணமும் அதற்கு உண்டு. 2017-இல் வேதியியலாளர்கள் சிலர் அதுவரை வந்த குர்குமின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மருந்தா போலி மாத்திரையா என்பது கொடுப்பவருக்கும் தெரியாமல், வாங்குபவருக்கும் தெரியாமல் நடத்தப்பட்ட மனிதச் சோதனை எதிலும் அது ஜெயிக்கவில்லை என்று எழுதினார்கள். உணவுத் தாவரத்திலிருந்து வைரஸ் மருந்துக்குப் போன பாதைகளில் தொழிற்சாலைவரை சென்று சேர்ந்தவை மிகச் சில. அன்னாசிப்பூ அவற்றில் ஒன்று. அது சேர்ந்த விதம், 'உணவே மருந்து' என்று நாம் பழக்கத்தில் சொல்லும் விதம் அல்ல.

கதையின் மறுபாதி ஆஸ்திரேலியக் கடற்கரையில் நடக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் கிரேம் லேவரும் ராபர்ட் வெப்ஸ்டரும் கரையோரமாக நடந்துபோனபோது கடற்பறவைகள் வரிசையாகச் செத்து ஒதுங்கியிருப்பதைப் பார்த்தார்கள். இருவரும் ஃப்ளூ வைரஸ் ஆய்வாளர்கள். மற்றவர்களாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருப்பார்கள். இவர்களுக்கு, இதுவும் ஃப்ளூவாக இருக்குமோ என்று பட்டது. லேவர் பெரும் பவளத்திட்டுத் தீவுகளுக்குப் போய்ப் பறவைகளின் தொண்டையையும் பின்புறத்தையும் பஞ்சால் துடைத்து மாதிரிகள் எடுத்தார். (பவளத்திட்டுக்கு ஆராய்ச்சிச் செலவில் போவதற்கு நல்ல காரணம் கிடைத்தது என்று சக ஆய்வாளர்கள் கேலி செய்திருப்பார்கள் என்பது என் ஊகம்.) ஃப்ளூ வைரஸ் அந்தப் பறவைகளிடம் இருந்தது. அங்கே ஓர் ஆலாப் பறவையிடம் எடுத்த வைரஸின் புரதம் பிற்பாடு அருமையான படிகமாக வளர்ந்து, மருந்து வடிவமைப்புக்கு அச்சாக நின்றது.

அந்தப் புரதத்தின் பெயர் நியூராமினிடேஸ். ஹெச்1என்1 என்பதில் வரும் 'என்' இதுதான். ஃப்ளூ வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து, பெருகி, வெளியே வரும்போது செல்லின் மேற்பரப்பில் உள்ள சையாலிக் அமிலம் என்ற சர்க்கரையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தால் அடுத்த செல்லுக்குப் போக முடியாது. நியூராமினிடேஸ் அந்தச் சர்க்கரையை வெட்டி வைரஸை விடுவிக்கிறது. வெட்டும் வாயில் எதையாவது திணித்து அடைத்துவிட்டால் புதிய வைரஸ்கள் பிறந்த இடத்திலேயே கட்டுண்டு கிடக்கும்.

1983-இல் பீட்டர் கோல்மன், ஜோஸ் வர்கீஸ், லேவர் மூவரும் இந்த நொதியின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டார்கள். நடுவில் ஒரு குழி. எத்தனை வகை ஃப்ளூ வந்தாலும், வைரஸ் தன் மேற்பரப்பை எவ்வளவு மாற்றிக்கொண்டாலும், அந்தக் குழியின் உட்சுவர் மட்டும் மாறுவதில்லை. மெல்போர்னில் மார்க் வான் இட்ஸ்டைனின் குழு சையாலிக் அமிலத்தைப் போன்ற ஒரு மூலக்கூறை எடுத்து, குழிக்குள் இன்னும் இறுக்கமாக உட்காரும்படி திருத்தியது. அதுதான் ஜனாமிவிர், கடையில் ரெலென்சா. குறி தப்பவில்லை. ஆனால் வாய்வழியாகக் கொடுத்தால் குடல் அதை உறிஞ்சவில்லை. பொடியாக்கி மூச்சில் இழுக்க வேண்டும். காய்ச்சலில் இருமிக்கொண்டிருப்பவரிடம், ஆஸ்துமாக்காரரிடம் பொடியை இழுக்கச் சொல்வது லேசான காரியமில்லை.

கலிஃபோர்னியாவில் அப்போது சின்ன நிறுவனமாக இருந்த கிலியட் இதில்தான் வாய்ப்பைக் கண்டது. சுங் உன் கிம், நார்பர்ட் பிஷோஃப்பெர்கர் ஆகியோரின் குழுவுக்கு இலக்கு ஒன்றே: விழுங்கக்கூடிய மாத்திரை. அவர்கள் யோசித்தது இப்படி. நொதி சர்க்கரையை வெட்டும் அந்தக் கணத்தில் சர்க்கரையின் வளையம் வளைந்து ஒரு பக்கம் தட்டையாகிறது. நொதி மிக இறுக்கமாகப் பிடிப்பது அந்த வடிவத்தைத்தான். சர்க்கரையே வேண்டாம், வெட்டவே முடியாத ஒரு கார்பன் வளையத்தில், சரியான இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருந்தால் வளையம் எப்போதும் அதே தட்டை வடிவில் நிற்கும். நொதி ஏமாந்து கவ்வும், வெட்ட முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

ஆறு கார்பன் வளையம், ஓர் இரட்டைப் பிணைப்பு, அதன் அருகில் அமிலத் தொகுதி, மூன்று மூலைகளில் வேலை செய்ய வசதியாக மூன்று கைப்பிடிகள். ஐக்மனின் அமிலம் நூறாண்டுகளுக்கும் மேல் இதே உருவத்தில் காத்துக்கொண்டிருந்தது.

வளையத்தை ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாதா என்றால், முடியும். கஷ்டம் எங்கே என்றால், அந்த மூன்று மூலைகளிலும் உள்ள தொகுதிகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா, கீழேயா என்பதில் இருக்கிறது. ஒன்று மாறினாலும் இடது கால் செருப்பை வலது காலில் மாட்டிய கதைதான், குழிக்குள் உட்காராது. வெறும் ரசாயனத்தில் செய்தால் எல்லாத் தினுசும் கலந்து வரும், பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். செடி அப்படிச் செய்வதில்லை. அதன் நொதிகள் ஒரே தினுசைத்தான் செய்யும், ஒவ்வொரு முறையும். அன்னாசிப்பூ இந்த மருந்துக்குக் கொடுத்தது இந்த ஒழுங்கைத்தான், நோய் தீர்க்கும் குணத்தை அல்ல.

முதல் முயற்சிகளில் சிங்கோனா பட்டையில் கிடைக்கும் குவினிக் அமிலத்திலிருந்தும் தொடங்கினார்கள். ஷிகிமிக் அமிலம் அப்போது விலை அதிகம். பிறகு பெருமளவு உற்பத்திக்கு அதுவே நிலைத்தது. மூன்று ஹைட்ராக்சில்களில் இரண்டின் இடத்தில் நைட்ரஜன் ஏறியது. மூன்றாவதில் கொழுப்புத்தன்மை கொண்ட ஒரு கிளை முளைத்தது. அமில முனையில் எத்தில் எஸ்டர் என்ற மூடி போட்டார்கள், குடல் ஏற்றுக்கொள்வதற்காக. உள்ளே போனதும் கல்லீரல் மூடியைக் கழற்றிவிடும். இடையில் அசைடு என்ற, அலட்சியமாகக் கையாண்டால் வெடிக்கக்கூடிய பொருளைத் தொழிற்சாலை அளவில் கையாள வேண்டும். 1996-இல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் உரிமத்தை வாங்கியது. 1999 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்தின் பெயர் ஓசெல்டாமிவிர், விற்பனைப் பெயர் டாமிஃப்ளூ.

ஆரம்பத்தில் அது பெரிதாக ஓடவில்லை. ஃப்ளூவுக்கு மூன்று நாள் படுத்தால் போகிறது என்ற எண்ணம்தான் உலகெங்கும். 2005-இல் நிலைமை தலைகீழானது. ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவின் விளிம்புவரை வந்துவிட்டது, பிடித்த மனிதர்களில் பாதிப்பேர் செத்தார்கள். அந்த நவம்பரில் அமெரிக்க அதிபர் புஷ் பெருந்தொற்றுத் தயாரிப்புக்கு 710 கோடி டாலர் கேட்டார். நாடு நாடாக டாமிஃப்ளூவை மூட்டை கட்டி வைக்கத் தொடங்கின. ரோஷால் கொடுக்க முடியவில்லை. எல்லாம் போய் முட்டிய இடம் தென்சீனாவின் குவாங்சி மலைச்சரிவு. உலகின் அன்னாசிப்பூவில் பெரும்பங்கு அங்கே விளைகிறது, மிச்சத்தில் கணிசமானது எல்லைக்கு அப்பால் வியட்நாமின் லாங்சோன் மாகாணத்தில். நட்ட கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். காயைப் பச்சையாகவே மரமேறிப் பறித்து வெயிலில் சிவக்க உலர்த்த வேண்டும். ஜெனீவாவிலும் வாஷிங்டனிலும் அவசரக் கூட்டம் போட்டால் மரம் சீக்கிரம் காய்த்துவிடாது. பூவின் விலை ஏறியது.

ரோஷ் இன்னொரு வழியையும் தயார் செய்துகொண்டிருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஃப்ராஸ்ட் ஈ.கோலி கிருமியின் ஷிகிமேட் பாதையில் ஷிகிமிக் அமிலத்துக்கு அடுத்த படியை அடைத்துவிட்டார். கிருமி சர்க்கரையைத் தின்று அந்த அமிலத்தைச் செய்துகொண்டே போகும், மேற்கொண்டு மாற்ற முடியாமல் வெளியே தள்ளும். டேவிஸின் ஊனமுற்ற கிருமிகள் ஐம்பது ஆண்டு கழித்துச் சம்பாதிக்க ஆரம்பித்தன என்று சொல்லலாம். ஓசெல்டாமிவிருக்கான அமிலத்தில் வளர்ந்துவரும் ஒரு பங்கு இந்தக் கிருமிகளை வளர்க்கும் நொதிக்கலன்களிலிருந்து வந்தது. 2006-இல் ஹார்வர்டின் ஈ. ஜே. கோரி, மலிவான பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து பூவும் வேண்டாம், கிருமியும் வேண்டாம் என்று மருந்தைச் செய்யும் வழியொன்றை வெளியிட்டார். வேண்டுமென்றே அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற மனிதர், எழுபத்தேழு வயதில். மருந்துலகில் இப்படி நடப்பது அபூர்வம் என்பதால் குறிப்பிடுகிறேன். ரோஷும் நெருக்கடிக்கு வளைந்து சில வெளி நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கொடுத்தது. அவற்றில் ஹைதராபாத்தின் ஹெட்டெரோவும் ஒன்று.

மருந்தின் மூலப்பொருள் அன்னாசிப்பூ என்ற செய்தி பரவியதும், பூவைக் காய்ச்சிக் குடித்தால் ஃப்ளூ அண்டாது என்ற யோசனையும் கூடவே பரவியது. நம்மூரிலும் காய்ச்சல் சீசன் வந்தால் வாட்ஸ்அப்பில் அது உயிர்த்தெழும். கஷாயம் இதமாக இருக்கலாம், தொண்டைக்கு நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் ஃப்ளூவின் நொதி ஷிகிமிக் அமிலத்தைச் சட்டை செய்வதில்லை. நைட்ரஜன்கள் ஏறி, கொழுப்புக் கிளை முளைத்த பிறகுதான் அந்த வளையத்தை அது திரும்பிப் பார்க்கிறது. இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு ரசாயனப் படிகளில் ஒன்றுகூட நம் அடுப்பில் நடக்காது.

மாத்திரையின் பெருமையும் கொஞ்ச காலம்தான் கேள்வியில்லாமல் இருந்தது. 2007, 2008 குளிர்காலத்தில் நார்வேயில் தொடங்கி, வழக்கமான ஹெச்1என்1 வைரஸ் ஓசெல்டாமிவிருக்கு அடங்காமல் போனது. மறுவருடம் உலகில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் அந்த வகை அப்படியே. காரணம் அந்தக் கொழுப்புக் கிளை. அது உட்கார, நொதி தன் உட்சுவரில் ஓர் அமினோ அமிலத்தைத் திருப்பி இடம் கொடுக்க வேண்டும். வைரஸில் ஒரே ஒரு எழுத்து மாறி, அந்தத் திருப்பம் நடக்காமல் போயிற்று. இடம் கேட்காத ஜனாமிவிர் வழக்கம்போல் வேலை செய்தது. 2009-இல் பன்றிக் காய்ச்சலாக வந்த புதிய ஹெச்1என்1, நல்லவேளையாக, மாத்திரைக்கு அடங்கியது. இந்தியாவில் அப்போது அதைச் சாதாரண மருந்துக் கடையில் விற்க அனுமதி இல்லை, அரசு வழியாகவே கொடுத்தார்கள்.

அதே 2009-இல் கெய்ஜி ஹயாஷி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர், கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்புக்கு ஒரு கேள்வி அனுப்பினார். டாமிஃப்ளூ நிமோனியா போன்ற சிக்கல்களைக் குறைக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு ஆதாரம் ஒரே ஒரு கட்டுரை. அது தொகுத்த பத்துச் சோதனைகளில் எட்டு வெளியிடப்படவே இல்லையே, நீங்கள் பார்த்தீர்களா? அவர்கள் பார்த்திருக்கவில்லை. கேட்டபோது உடனே கிடைக்கவும் இல்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் பகிரங்கமாகச் சண்டையிட்டது. முழு ஆவணங்கள் வந்து சேர 2013 ஆகிவிட்டது. லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைப் படித்து 2014-இல் கோக்ரேன் சொன்னது: பெரியவர்களுக்கு நோய்க்குறிகள் ஏழு நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகின்றன. மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. குமட்டலும் வாந்தியும் கூடுகின்றன. அதற்குள் பிரிட்டன் மட்டுமே 42.4 கோடி பவுண்டுக்கு வாங்கி அடுக்கியிருந்தது.

இதோடு மருந்தைத் தூக்கி எறிந்துவிடவும் முடியாது. 2009 பெருந்தொற்றில் மருத்துவமனையில் கிடந்த 29,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்த இன்னோர் ஆய்வு, இந்த வகை மருந்து கொடுக்கப்பட்டவர்களில் இறப்பு குறைவு என்றது. சீக்கிரம் கொடுத்தால் இன்னும் குறைவு. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ரோஷ். பதிவுகளைத் திரும்பிப் பார்ப்பதும் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதிப்பதும் ஒன்றல்ல என்று மறுதரப்பு சொன்னது. எனக்கு இரண்டு தரப்பிலும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. வீட்டில் படுத்திருக்கும் இளைஞருக்கும் மூச்சுத் திணறி வார்டில் கிடப்பவருக்கும் ஒரே கணக்குப் போட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதை முதல் வரிசையிலிருந்து துணை வரிசைக்கு இறக்கியது, ஃப்ளூவால் தீவிரமாகப் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்ற குறிப்போடு. மருத்துவர்கள் இன்றும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சு நோயாளிகளுக்கும் அதை எழுதித் தருகிறார்கள், காய்ச்சல் தொடங்கி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது என்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் ஐந்து நாள், 75 மில்லிகிராம் மாத்திரை பத்து. வெறும் வயிற்றில் குமட்டும், சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.